சம்பள நாளில் தெரியும் சங்கதி: நான்கு கூலிப்படை விளையாட்டுகள்

கூலிப்படை விளையாட்டுகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை ரகம், எவ்வளவு தூரம் பாயும், குறி எப்போது தப்பும் என்று பேச்சு போகும். நான் சம்பளத்திலிருந்து தொடங்குகிறேன். மதுரையில் வீடுகளுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குக் கூலி கொடுத்து முடித்த பிறகுதான் கணினி முன் உட்கார நேரம் கிடைக்கும். அதனால் ஒரு விளையாட்டு தன்னைக் கூலிப்படை விளையாட்டு என்று சொல்லிக்கொண்டால், அதில் கூலி கொடுக்கும் நாள் வலிக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். சண்டை எல்லாவற்றிலும் நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது நான்கு: 1999இல் வந்த ஜாக்டு அலையன்ஸ் 2, 2017இல் வந்த பேட்டில் பிரதர்ஸ், 2018இன் பேட்டில்டெக், 2023இன் ஜாக்டு அலையன்ஸ் 3. நான்குமே முறைவைத்து ஆடுபவை. நம் முறை வந்தால் நாம் கையை அசைக்கும் வரை களத்தில் எதுவும் அசையாது. கத்திரி வெயிலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஆட இதைவிடத் தோதான வகை கிடையாது. பாலை இறக்கி வையுங்கள் என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால் எழுந்து போய்விட்டு வரலாம், எதிரி காத்திருப்பான்.

முதலில் பழையது. ஆருல்கோ என்ற கற்பனை நாட்டை டெய்ட்ரானா என்ற அரசி ஆட்டிப்படைக்கிறாள். நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட அவளுடைய கணவன், அவளை இறக்குவதற்கு நமக்குப் பணம் தருகிறான். விளையாட்டுக்குள்ளேயே ஒரு மடிக்கணினி இருக்கிறது. அதில் கூலி வீரர்களின் சங்கத்துத் தளத்தைத் திறந்து, முகம், திறமை, விலை பார்த்து ஆள் எடுக்க வேண்டும். ஒப்பந்தம் ஒரு நாளுக்கு, ஒரு வாரத்துக்கு, இரண்டு வாரத்துக்கு என்று மூன்று விதம். நீண்ட ஒப்பந்தம் போட்டால் நாள் கணக்கில் மலிவு. ஆனால் அத்தனை பணத்தையும் முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும். சிலருக்கு மருத்துவச் செலவுக்கென்று தனி முன்பணம். ஆள் முழுசாகத் திரும்பினால் அது நம்மிடம் வந்து சேரும். இதெல்லாம் கட்டுப்படியாகாது என்றால் ஸ்பெக் என்பவர் நடத்தும் மட்டமான நிறுவனம் ஒன்று உண்டு. அங்கே பற்று வைத்துக்கொள்ளலாம். ஆட்களை இன்று அனுப்பிவிட்டுப் பணத்தைப் பிறகு கேட்பார். கட்டாமல் இழுத்தடித்தால் கணக்கை முடக்கிவிடுவார். வீரர்களுக்கு ஆயுள் காப்பீடுகூட எடுக்கலாம். பூக்கடைத் தளத்திலிருந்து எதிரி அரசிக்கே பூங்கொத்து அனுப்பலாம் என்பது இதை உருவாக்கிய சர்-டெக் நிறுவனத்தாரின் குறும்பு.

வருமானம் சுரங்கங்களிலிருந்து வருகிறது. ஒரு சுரங்கத்தைப் பிடித்தால் மட்டும் போதாது. அந்த ஊர் மக்கள் நம் பக்கம் சாயச் சாயத்தான் வரவு கூடும். திராசென் என்ற ஊரைப் பிடித்த கையோடு முன்னேறிப் போனால், பின்னால் படை வந்து ஊரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், வரவு நின்றுபோகும். உள்ளூர்க்காரர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து நிறுத்திவிட்டுப் போகலாம் என்றால், அதற்கும் செலவு, அதற்கும் நாள். அந்த நாளெல்லாம் இங்கே பெரிய சம்பளக்காரர் ஒருவர் பெட்டியின்மேல் உட்கார்ந்து அலுத்துக்கொண்டிருப்பார். நாளை மதியம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது என்ற எண்ணம் ஒவ்வொரு முடிவிலும் குறுக்கே நிற்கும். போருக்கும் பணத்துக்கும் இடையில் இவ்வளவு இறுக்கமாக முடிச்சுப் போட்ட விளையாட்டை நான் வேறு பார்க்கவில்லை.

ஆட்களும் அப்படித்தான். தனக்குப் பிடிக்காதவர் அணியில் இருந்தால் வரமாட்டேன் என்பார்கள். நம்மிடம் வேலைக்கு வந்தவர்கள் அடுத்தடுத்துச் சாகிறார்கள் என்று தெரிந்தால் எவ்வளவு கொடுத்தாலும் சிலர் மறுத்துவிடுவார்கள். முதலாளியின் பெயர் கெட்டால் ஆள் கிடைக்காது என்பதை இத்தனை பழைய விளையாட்டு யோசித்து வைத்திருக்கிறது. சண்டையில் 'இடைமறிப்பு' என்று ஒன்று உண்டு. நகரவும் சுடவும் முறைக்கு இத்தனை என்று கிடைக்கும், நம் ஆள் செலவழிக்காத ஆக்‌ஷன் பாயின்ட்டைக் கையில் வைத்திருந்தால், எதிரியின் முறையில் அவன் மூலை திரும்பும்போது குறுக்கே புகுந்து சுடலாம். யார் முந்துவார் என்பதில் அனுபவத்துக்கும் பங்கு உண்டு. விலை கூடிய ஆளுக்கு ஏன் விலை கூடியது என்பது இருட்டில் ஒரு கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நிற்கும் அந்த ஒரு கணத்தில் விளங்கிவிடும்.

இனி பேட்டில் பிரதர்ஸ். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஒரு சிறிய குழு செய்தது. இடைக்கால ஐரோப்பாவைப் போன்ற கற்பனை உலகம். கத்தி, ஈட்டி, கோடரி. உருவங்களுக்குக் காலே கிடையாது, மார்பளவுச் சிலைகள் அறுகோணக் கட்டங்களில் நகர்வதுபோல் இருக்கும். பார்த்தவுடன் மூடிவிடத் தோன்றும். மூடாதீர்கள்.

இங்கே புகழ்பெற்ற வீரர் என்று யாரும் தொடக்கத்தில் வருவதில்லை. ஊருக்கு ஊர் நிற்பவர்கள் மீனவர், தையற்காரர், கசாப்புக்காரர், பிச்சைக்காரர். விடிகாலையில் மதுரை முக்குகளில் கட்டட வேலைக்கு ஆள் எடுப்பதுபோல, தோற்றத்தையும் தொழிலையும் வைத்துக் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் காசு கொடுத்துச் சோதித்துப் பார்த்தால் ஒருவர் தொடை நடுங்கியா, குடிகாரரா என்ற குணம் தெரியும். அந்தக் காசை மிச்சம்பிடித்து எடுத்த ஆள்தான் பிறகு ஓநாய்களைக் கண்டதும் ஓடுவார். சம்பளம் தினசரி. களத்தில் இறங்குவது 12 பேர். உட்கார்ந்திருப்பவர், காயத்தில் கிடப்பவர் எல்லோருக்கும் கூலி, எல்லோருக்கும் சோறு. கவசத்தைச் செப்பனிடக் கருவி, காயத்துக்கு மருந்து, வில்லுக்கு அம்பு என்று பை கரைந்துகொண்டே போகும். கூலி நின்றால் முகம் வாடும், பிறகு ஆள் போய்விடுவார்.

இதன் கணக்கு எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கொள்ளைக்காரர் கூட்டத்தில் ஒருவன் நல்ல சங்கிலிக் கவசம் போட்டிருக்கிறான். கடையில் அதை வாங்க நம்மால் முடியாது. வாளால் வெட்டிக் கொன்றால் கவசமும் கிழிந்து குப்பையாகிவிடும். ஆகவே மற்றவர்களை முடித்துவிட்டு, அவனை மட்டும் மிச்சம் வைத்து, சுற்றி வளைத்து, எல்லோரும் வாளை உறையில் போட்டுக் குத்துவாளை எடுக்கிறார்கள். குத்துவாளின் ஒரு வகைக் குத்து கவசத்தின் இடுக்கு வழியாக நேரே உடம்பில் இறங்கும், கவசம் கெடாது. ஆனால் குறி தப்பும் வாய்ப்பு மிக அதிகம், களைப்பும் கூடும். ஒரு முறைக்கு இரண்டு குத்து. தப்புகிறது, மறுபடி தப்புகிறது. நடுவில் நிற்பவன் சும்மா நிற்பதில்லை, கோடரியைச் சுழற்றுகிறான். ஐந்து சுற்றுகளில் முடித்திருக்க வேண்டிய சண்டையை ஒரு சட்டைக்காக நீட்டித்து, அதில் மீனவரின் ஒரு கண் போய்விடுகிறது. கண் திரும்ப வராது. அந்தக் கவசத்தை அவருக்கே போட்டுவிட்டேன், வேறென்ன செய்வது.

குறி படும் வாய்ப்பை இது நூற்றுக்கு இத்தனை என்று வெளிப்படையாகக் காட்டும். எவ்வளவு உறுதியான அடியும் 95க்கு மேல் போகாது, எவ்வளவு மோசமானதும் 5க்குக் கீழே இறங்காது. இரண்டு ஜாக்டு அலையன்ஸ்களிலும் அந்த எண் மறைந்தே இருக்கும். மறைப்பதுதான் உண்மைக்குப் பக்கம் என்பவர்கள் உண்டு. நான் எண்ணைப் பார்க்கவே விரும்புகிறேன், ஏமாந்தாலும் தெரிந்து ஏமாறலாம். பேட்டில் பிரதர்ஸின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: ஒரே மாதிரிச் சண்டைக்களம், ஒரே மாதிரி வேலை ஒப்பந்தம் திரும்பத் திரும்ப வரும். ஆட்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கலகலப்பு ஜாக்டு அலையன்ஸ் அளவுக்கு இல்லை.

ஒன்று மட்டும் நான்கிலுமே இல்லை. கூலிக்கு வந்தவன் நம்மை விட்டுப் போவான், மறுப்பான், ஓடுவான். ஆனால் நம்மையே பிடித்து எதிரியிடம் கொடுக்கமாட்டான். மதுரைக்காரனுக்கு இது பெரிய குறை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் படை நடத்தி, பிறகு கம்பெனிக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் எதிராகவே நின்ற யூசுப் கானை மதுரைக் கோட்டையில் வைத்து முற்றுகையிட்டபோது, உள்ளே உணவுத் தட்டுப்பாடு வந்தது. 1764 அக்டோபரில் அவரைப் பிடித்துக் கட்டியவர்கள் அவரிடம் வேலை பார்த்தவர்களே. அதில் முக்கியமானவர் மார்ச்சாண்ட் என்ற பிரெஞ்சுத் தளபதி. ஓரிரு நாளில் யூசுப் கானைத் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், பட்டினி கிடக்கும் அணி முதலாளியை விலை பேசும் ஒரு விளையாட்டை ஏன் யாரும் செய்யவில்லை என்று யோசிப்பேன்.

ஜாக்டு அலையன்ஸ் 3 பற்றி என் மச்சினனுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. பல்கேரியாவின் ஹேமிமாண்ட் செய்தது. கிராண்ட் ஷியென் என்ற கற்பனை ஆப்பிரிக்க நாடு, காணாமல் போன அதிபர், நம்மை வேலைக்கு வைக்கும் அவருடைய மகள், வைரச் சுரங்கம். பழைய முகங்கள் பலர் திரும்ப வருகிறார்கள். களங்கள் கண்ணுக்கு விருந்து. குன்றின்மேல் ஏறி நின்று சுடலாம், சுவரை உடைத்து வழி செய்யலாம். இடைமறிப்பு போய், ஒரு திசையைப் பார்த்துக் காவல் இருக்கும் முறை வந்திருக்கிறது. அது புரிய எளிது, பதற்றம் குறைவு. இரண்டு பேர் இணையம் வழியாகச் சேர்ந்து ஆடலாம். திருமங்கலத்தில் இருக்கும் அவனும் நானும் அப்படித்தான் ஆடுகிறோம். ஆனால் நடுவழிக்கு வந்ததும் வைரப் பணம் குவிந்துவிடுகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் யோசிக்காமலேயே சரி என்று அழுத்திவிட்டுப் போகிறோம்.

“மாமா, நாள் பூராவும் கணக்குப் பார்த்துவிட்டு இங்கேயும் கணக்கா? சுடுவதற்குத்தானே வந்தோம்?” என்பான்.

“சுடுவதற்கு வேறு ஆயிரம் இருக்கிறது மாப்பிள்ளை” என்பேன்.

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சண்டையை மட்டும் எடைபோட்டால் நான்கில் அதுதான் வழுவழுப்பு.

பேட்டில்டெக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆட்களுக்குப் பதில் பிரம்மாண்ட இயந்திர மனிதர்கள், உள்ளே அவற்றை ஓட்டுபவர்கள். மாதக் கடைசியில் செலவுப் பட்டியல் வரும்; பணம் தீர்ந்தால் ஆட்டமே முடிந்தது. இதில் எனக்குப் பிடித்தது பேரம். ஒவ்வொரு வேலைக்கும் முன்பு, ரொக்கம் கூடுதலாக வேண்டுமா, களத்தில் விழுந்த எதிரியின் உதிரிப் பாகங்கள் கூடுதலாக வேண்டுமா என்று நாமே தீர்மானிக்கலாம். ரொக்கத்தைக் கேட்டால் இந்த மாதம் ஓடும், பாகங்களைக் கேட்டால் அடுத்த மாதம் நல்ல இயந்திரம் கிடைக்கலாம். வேலை எடுத்துச் செய்கிறவனுக்கு இந்த இக்கட்டு அத்துப்படி. ஆனால் ஆட்டம் நத்தை வேகம். ஒவ்வொரு நகர்வையும் ஆற அமரக் காட்டும். பழைய வன்தட்டில் ஏற்றினால் திரை வருவதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம்.

வார்டேல்ஸ் என்று இன்னொன்றையும் சிலர் கேட்பார்கள். கூடாரம் அடிப்பது, சோறு பங்கிடுவது எல்லாம் அழகு, கூலியின் அழுத்தம்தான் மெல்லியது. பேட்டில் பிரதர்ஸை முரடாக உணர்பவர்களுக்கு அது ஒத்துவரும்.

எதை வாங்குவது? ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பேட்டில் பிரதர்ஸ். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியிலும் ஓடும். ஜாக்டு அலையன்ஸ் 3 அதில் திணறும். பேட்டில் பிரதர்ஸில் தொடக்கத்தில் இரண்டு மூன்று படைகள் அழியும், அதற்குத் தயாராக இருங்கள். நண்பரோடு சேர்ந்து ஆட வேண்டுமென்றால் மட்டும் ஜாக்டு அலையன்ஸ் 3. நான்கிலும் தமிழ் கிடையாது. பேட்டில் பிரதர்ஸில் படிக்க வேண்டிய ஆங்கிலம் நிறைய என்பதால், பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தருபவர்கள் அதையும், வெட்டுக்குத்தையும் யோசித்துக்கொள்ளட்டும்.

என் ஓட்டு ஜாக்டு அலையன்ஸ் 2க்குத்தான், ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கமாட்டேன். 640-க்கு 480 என்ற அந்தக் காலத்துத் திரை, பையைத் திறந்து மூடுவதற்கே பொறுமை வேண்டும். ஸ்ட்ராச்சியாட்டெல்லா என்ற ரசிகர்களின் இலவச வடிவத்தை நிறுவினால் பெரிய திரையில் ஒழுங்காகத் தெரியும், லினக்ஸிலும் ஓடும். மூல விளையாட்டின் கோப்புகள் இல்லாமல் அது திறக்காது, ஆகவே முதலில் விளையாட்டை வாங்கிவிட்டு இதை நிறுவுங்கள். 1.13 என்ற இன்னொரு ரசிகர் வடிவம் துப்பாக்கிகளைக் கொட்டிக் குவிக்கும். முதல் ஆட்டத்தில் அதன் பக்கம் போக வேண்டாம்.