வீரப்பதக்கம்: அள்ளிக் கொடுக்கணுமா, கிள்ளிக் கொடுக்கணுமா?

எங்க பேரையூர் பக்கம் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர், அதனால டீக்கடைல இந்தச் சண்ட அடிக்கடி வரும். கிள்ளிக் கொடுக்குறதுன்னா போர்ல காட்டுற வீரத்துக்கு நாட்டுலயே பெரிய பதக்கமான பரம்வீர் சக்ரா, 1947ல இருந்து மொத்தமே 21 பேரு, அதுல 14 பேருக்கு செத்தப்புறம்தான், கார்கிலுக்கே 4. மதிப்பு சரி, ஆனா ஆபீசர் நேர்ல பாத்து சிபாரிசு எழுதி அனுப்பலைன்னா அந்த வீரம் அப்படியே போயிரும்ல.

அள்ளிக் கொடுக்குறது அலங்காநல்லூர் மாதிரி, மாடு புடிச்சவனுக்கெல்லாம் பரிசு உண்டு, காரு முதல் ஆளுக்குத்தான். அப்ப கீழ் மட்டத்துல இருக்குற ராணுவப் பதக்கமான சேனா மெடல தாராளமா கொடுங்க, மேல இருக்குற பரம்வீர் சக்ரால கை வைக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

எங்க பெரியப்பா டிரங்குப் பெட்டில மெடலெல்லாம் ரிப்பன் நூல் பிரிஞ்சு கெடக்கு, "வீரத்துக்கு ஒண்ணுமில்லப்பா, இது 9 வருச சர்வீசுக்கு, இது சியாச்சின்ல நின்னதுக்கு"ன்னு சிரிப்பாரு. இதையும் வீரப்பதக்கக் கணக்குல சேத்துக்கிட்டுதான் பாதிப்பேரு கத்துறான்.