ஜித்தாவா, யான்புவா, ஃபராசானா: சவுதி செங்கடல்ல எங்க டைவ் போலாம்?

நான் கீழக்கரைப் பக்கம், சங்கு குளிக்கிறவங்களை பார்த்து வளர்ந்தவன், அப்படி இருந்தும் ஜித்தா வந்து முதல் நாலு வருஷம் கடலை கார்னிஷ்ல, அதாவது கடற்கரை ரோட்டுல, நின்னு சுண்டல் இல்லாத மெரினா மாதிரி வேடிக்கை பார்த்ததோட சரி. எகிப்துக்கு டைவ் பண்ண உலகமே போகுது, அதே செங்கடலோட இந்தக் கரையில ஒரு ஈ காக்கா இல்ல, ஏன்னா ரொம்ப காலமா ஹஜ், உம்ரா, வேலை, பிசினஸ் தவிர வேற எதுக்கும் சும்மா வந்து போற மாதிரி விசா கிடையாது. 2019 செப்டம்பர்லதான் டூரிஸ்ட் இ-விசாவே திறந்தாங்க, அதுவும் 49 நாட்டுக்காரங்களுக்கு, லிஸ்ட்ல இந்தியா இல்ல. பிற்பாடு அமெரிக்கா, யுகே, ஷெங்கன் விசா எடுத்து ஒரு தடவையாவது போயிட்டு வந்தவங்களுக்கும், துபாய் கத்தார்னு ரெசிடென்சி உள்ளவங்களுக்கும் வழி விட்டாங்க. இகாமா, அதாவது இங்க தங்கி வேலை பாக்க குடுக்குற கார்டு, இருக்கிற நமக்கு இந்தத் தலைவலியே இல்ல.

இவ்வளவு நாள் பூட்டி வச்சதாலதான், ஜித்தா பக்கத்தை விட்டா, பவளம் நல்லா இருக்கு, கூட்டம் இல்ல. அதே காரணத்தாலதான் கடல்ல ஏதாவது ஆச்சுன்னா பக்கத்துல இன்னொரு போட் இருக்காது. மூணு இடத்தையும் நான் இந்தக் கணக்குலதான் பாக்குறேன்.

ஜித்தான்னா ஒப்ஹூர்தான். சிட்டியோட வடக்கு ஓரம், காலைல போட் ஏறினா ரெண்டு டைவ் முடிச்சு சாயங்காலம் ரூமுக்கு வந்துடலாம். அபு ஃபராமிஷ் ரீஃப் (பவளப்பாறை) புதுசா கத்துக்கிறவங்களுக்கு அருமை, அப்புறம் மூழ்கின கப்பல் நாலஞ்சு கிடக்கு, அதுல ஒண்ணுக்கு பேரே சிக்கன் ரெக், ஃப்ரோசன் கோழி ஏத்திட்டு வந்த கப்பலாம், டைவ் முடிஞ்சு மேல வந்தா லஞ்சுக்கும் கோழி கப்சாதான் வருது, அதை நினைச்சு சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டோம். கஷ்டம் எங்கன்னா போட் ஏறுற துறையில. எல்லைக் காவல்காரங்க ஒவ்வொரு ஆளோட இகாமாவையும் லிஸ்ட்டையும் ஒத்துப் பாத்துதான் போட்டை விடுவாங்க. ரூம்மேட் ஒருத்தன் இகாமாவை வேற பேன்ட் பாக்கெட்ல விட்டுட்டு வந்துட்டான், போன்ல போட்டோ காட்டி கெஞ்சிப் பாத்தான், நடக்கல, ஃபின் மாஸ்க் எல்லாம் தோள்ல போட்டுக்கிட்டு அவன் டாக்சி தேடிப் போனது இன்னும் கண்ணுல நிக்குது.

டிரஸ் விஷயம் நிறைய பேர் கேக்குறாங்க. வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா (உடம்பை மூடுற நீள அங்கி) கட்டாயம் இல்லன்னு 2019லயே சொல்லிட்டாங்க, அடக்கமா இருந்தா போதும். என் வீட்டம்மா துறை வரைக்கும் அபாயாலதான் வருவா, போட் கரையை விட்டு நகர்ந்ததும் மடிச்சு பைல வச்சுட்டு ரேஷ்கார்டுங்கிற முழுக்கை நீச்சல் சட்டையோட ரெடியாயிடுவா, யாரும் திரும்பிக்கூட பாக்கல. அதே போட்ல ஐரோப்பாக்காரங்க அவங்க பாட்டுக்கு ஸ்விம்சூட்ல இருந்தாங்க. ஆனா பப்ளிக் பீச்சுல அந்த நினைப்பு வேணாம்.

குறைன்னா, ஜித்தா ரீஃப்ல நங்கூரம் பட்டு உடைஞ்சது, மீன் பிடிச்சு காலியானது கண்ணுக்கே தெரியும். வெள்ளி சனி லீவுல போட் நிரம்பி வழியும். ஆகஸ்ட்ல தண்ணியே 31, 32 டிகிரி, குளிச்ச மாதிரியே இருக்காது.

யான்பு வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல. வியாழன் ஆபீஸ் முடிச்சு காரை எடுத்தா ராத்திரிக்குள்ள போயிடலாம். என்னைக் கேட்டா காசுக்கும் கடலுக்கும் சரியா பொருந்துற இடம் இதுதான். செவன் சிஸ்டர்ஸ்னு வரிசையா ரீஃப் இருக்கு, ஓரத்துல செங்குத்தா இறங்குது, கீழ பார்த்தா நீலம் மட்டும்தான். நம்ம ஊர்ல கொம்பன் சுறாம்போமே, அந்த ஹேமர்ஹெட் இங்க வரும். வரும்னா நமக்காக வராது. ரெண்டு ட்ரிப் போனேன், முதல் ட்ரிப்ல ஒண்ணுமே இல்ல, ரெண்டாவதுல சுவரை விட்டு கொஞ்சம் வெளிய மிதந்துக்கிட்டு இருக்கோம், கைடு டேங்கை டங் டங்னு தட்டுறார், கீழ சாம்பல் கலர்ல நாலு நிழல், அதுல ஒண்ணு தலையை அப்படி இப்படி ஆட்டினப்பதான் அந்த டி வடிவம் தெரிஞ்சுது, பத்து செகண்டு இருக்கும், அவ்வளவுதான், எனக்கு டேங்க்ல காத்து மளமளன்னு இறங்கிடுச்சு. அயோனான்னு ஒரு பழைய கப்பலும் இருக்கு, மேல பூரா பவளம் மூடி கப்பல்னே தோணாது. வடக்குக் காத்து எடுத்தா மட்டும் போட் கிளம்பாது, ஹோட்டல் காசு போனது போனதுதான்.

ஃபராசான் பேங்க்ஸ் வேற லெவல். முதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துடறேன், ஃபராசான் தீவு வேற, ஃபராசான் பேங்க்ஸ் வேற. தீவு ஜிசானுக்கு எதிர்ல, ஜித்தாவுலருந்து 700 கிலோமீட்டர் கிட்ட. பேங்க்ஸ் அல் லித், குன்ஃபுதாவுக்கு எதிர்ல நடுக்கடல்ல கிடக்குற ரீஃப் கூட்டம், அல் லித்ல போட் ஏறணும், ஜித்தாவுலருந்து ரெண்டு ரெண்டரை மணி நேரம். தெரிஞ்சவர் ஒருத்தர் ஜிசானுக்கு ஃப்ளைட் போட்டுட்டு எனக்கு போன் பண்ணார், என்னத்த சொல்ல.

1951-52ல கடலுக்கடியில படம் எடுத்து பேர் வாங்கின பிரெஞ்சுக்காரர் கூஸ்தோ, கலிப்ஸோ கப்பலை எடுத்துக்கிட்டு வந்தது இந்தப் பக்கம்தான், அதுக்கப்புறமும் இங்க பெருசா கூட்டம் எதுவும் வரல. லிவ்அபோர்டுதான் வழி, ஒரு வாரம் கடல்லயே தூங்கி எந்திரிக்கணும். சில்க்கி ஷார்க், பாராகுடா கூட்டம், ஆள் உயரத்துக்கு விசிறிப் பவளம்னு பாத்தவங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க. மார்ச்சுலருந்து மே வரைக்கும் அல் லித் பக்கத்துல திமிங்கலச் சுறாங்கிற வேல் ஷார்க் வரும், ஜித்தாவுக்கு வடக்கே துவல்ல இருக்கிற காஸ்ட் யுனிவர்சிட்டி ஆளுங்க அதுங்களுக்கு டேக் மாட்டி வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா நீரோட்டம் இழுக்கும், போன் சிக்னல் கிடையாது. ஐம்பது டைவாவது முடிச்சிருக்கணும், சிக்னல் பாய் (நாம இருக்கிற இடத்தை போட்டுக்குக் காட்டுற மிதவை) சொந்தமா வச்சிருக்கணும், பக்கத்துல டீகம்ப்ரஷன் சேம்பர் (உடம்புல நைட்ரஜன் குமிழி கட்டினா சிகிச்சை குடுக்குற அழுத்த அறை) எங்க, எத்தனை மணி நேரத்துல கொண்டு போவீங்கன்னு காசு கட்டறதுக்கு முன்னாடி கேளுங்க, வாயில வர்ற பதிலை வச்சே போட் எப்படின்னு தெரிஞ்சுடும்.

யான்புக்கு வடக்கே உம்லுஜுக்கும் அல் வஜ்ஹுக்கும் நடுவுல 2023லருந்து திறக்குற ரிசார்ட் பத்தி கேக்காதீங்க, ஒரு ராத்திரிக்கே ஆயிரக்கணக்குல ரியால், அது நம்ம கணக்குல வராது. சும்மா செங்கடல் பாக்கணும், பீரும் வேணும், செலவும் குறைச்சலா இருக்கணும்னா எகிப்துல ஹுர்கதா போயிடுங்க, தப்பே இல்ல, இங்க சொட்டு சரக்கு கிடையாது. தனியா வர்ற பொண்ணு ஹோட்டல் ரூம் எடுக்கறதுல எல்லாம் இப்ப சிக்கல் இல்ல. ரமலான்ல மட்டும் போட் டைம் மொத்தமா மாறும், கேட்டுக்கிட்டு வாங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை இங்க உண்டு. ஜித்தால காலைல டைவ் முடிச்சுட்டு சாயங்காலம் குளிர் காத்து வாங்க தாயிஃப் போலாம்னு பிளான் போடுவாங்க. தாயிஃப் 1,800 மீட்டர் உயரத்துக்கு மேல, டைவ் பண்ண உடம்போட அல் ஹதா மலை ஏறுறது ஃப்ளைட் ஏறுற மாதிரிதான், ரத்தத்துல தங்கின நைட்ரஜன் குமிழி கட்டும். டைவ் முடிச்சு ஃப்ளைட் ஏற 18 மணி நேரம் பொறுக்கணும்னு டைவ் பண்ற எல்லாருக்கும் தெரியும், மலையை மறந்துடறாங்க. தாயிஃபை முதல்லயே பாத்துட்டு இறங்கி வாங்க, இல்ல மறுநாள் ராத்திரிக்கு மேல போங்க.

நான் ஏப்ரலுக்கு அல் லித் போட்தான் பாக்குறேன், நாற்பத்தெட்டு டைவ் ஆச்சு, ஒப்ஹூர்ல இன்னும் ரெண்டு போட்டா கணக்கு சரி. வீட்டம்மா ஒரு வாரம் போன் சிக்னல் இல்லாம இருக்க முடியாது, யான்புவே போதும்னு நிக்கிறா. இன்னும் அட்வான்ஸ் கட்டல.