கடல் அரிக்கும் தொல்லிடம்: சுவரா, அகழாய்வா?

கடல் ஒரு தொல்லிடத்தைத் தின்னத் தொடங்கினால், சுவர் எழுப்பி அங்கேயே காக்கலாம். அல்லது போவதற்குள் தோண்டிப் பதிவுசெய்யலாம்.

சுவர் இடத்தை இருந்தபடி வைக்கும். 1850 புயலில் வெளிப்பட்ட, ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளிலுள்ள கற்காலக் குடியிருப்பான ஸ்காரா பிரே அப்படித்தான் நிற்கிறது. ஆனால் மோதித் திரும்பும் அலை சுவரடி மணலை வாரிச் செல்லும். முனைகளைச் சுற்றிவந்து பின்புறத்தையும் அரிக்கும். ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பிறகும் அடித்தளத்தைப் பார்த்தாக வேண்டும்.

அகழாய்வு இடத்தை அழித்துத் தரவைத் தருகிறது. பருவநிலை ஆய்வுக்கு வேண்டியதும் அதுதான். பழங்கால மக்கள் கொட்டிய குப்பைமேட்டின் அடுக்குக்கு 40 லிட்டர் மண் எடுத்து நீரில் கரைத்தால், மிதப்பதை 0.3 மி.மீ. சல்லடை பிடிக்கும்: கருகிய விதை, கரித்துண்டு. அடியில் தங்குவது மீன்முள், சிப்பி. பழைய கடல்வெப்பத்தை மீன் வகைகள் கோடிகாட்டும்; அதில் மனிதர் விருப்பமும் கலந்திருப்பதால் சிப்பியின் ஆக்சிஜன் ஐசோடோப்பையும் (நீரின் வெப்பத்துக்கேற்ப விகிதம் மாறும் ஆக்சிஜன் அணு வகைகள்) பாருங்கள்.

கெடுவது பெரும்பாலும் தோண்டிய பிறகுதான். நீரூறிய மரம் வெயிலில் உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரத்தோடு, காற்றுப் புகாத பையில், குளிரில் வையுங்கள். அதற்கு இடமும் பணமும் இல்லாமல் மண்வெட்டியைத் தொடவே கூடாது.

கரை ஆண்டுக்கு ஒரு மீட்டர் பின்வாங்கும் இடத்தில் சுவர் வீண்செலவு, தோண்டுங்கள்.