கதவோரச் சீட்டில் இருக்கும் எண்: 30 அடி டிரெய்லரும் எங்கள் பிக்கப்பும்

பெரிய டிரெய்லரை இழுக்கப் பிக்கப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியோடுதான் கடைக்குப் போகிறார்கள்: எத்தனை பவுண்டு இழுக்கும்? விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும் அந்த எண்தான். கொலராடோவில் டென்வருக்கு அருகே குடியிருந்துகொண்டு, உள்ளேயே தங்கிச் சமைத்துக்கொள்ளும் 30 அடி நீளப் பயண டிரெய்லரைச் சில ஆண்டுகளாக மலைச்சாலைகளில் இழுத்துப் போய்வருகிறேன். வண்டியைத் தீர்மானிக்க வேண்டியது அந்த எண் அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய சீட்டு ஒட்டியிருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். நான் வண்டி வாங்கியதே அந்தச் சீட்டைப் பார்த்துத்தான்.

எங்கள் டிரெய்லர் நிரம்ப ஏற்றினால் 8,800 பவுண்டு வரை வரலாம். ஏறத்தாழ 4,000 கிலோ. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500 போன்ற அரை டன் வகைப் பிக்கப்களில் (அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை அளவு கூடிக்கொண்டே போகும் வகைப் பெயர்கள்தான், உண்மையான சுமைத் திறன் அல்ல), தக்க எஞ்சினும் பின்னச்சுக் கியர் விகிதமும் அமைந்தவை 11,000 பவுண்டுக்கு மேலேயே இழுக்கும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. நமக்கு அது தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இப்போது கதவோரச் சீட்டுக்கு வருவோம். நான்கு கதவு, தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை எல்லாம் கொண்ட ஓர் அரை டன் வண்டியின் சீட்டில் நான் பார்த்தது 1,580 பவுண்டு. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வண்டியின் கொக்கிமீது இறங்க வேண்டும். 13 என்று வைத்தால் 1,144 பவுண்டு. டிரெய்லரை வண்டியோடு பிணைக்கும் ஹிட்ச் இரும்புச் சாமான்கள் 100. நாங்கள் நான்கு பேர் 560. மொத்தம் 1,804. இன்னும் ஒரு பைகூட ஏற்றவில்லை, அதற்குள் வரம்பு 224 பவுண்டு தாண்டிவிட்டது. கோடையில் ஊரிலிருந்து வரும் அப்பாவையும் அம்மாவையும் சேர்த்தால் இன்னொரு 300.

ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு வண்டிகளின் சீட்டுகளில்கூட எண் வேறுபடும். கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம், பெரிய சக்கரம் என்று ஆலையில் சேர்த்த ஒவ்வொன்றும் சுமைத் திறனிலிருந்துதான் கழிகிறது. ஆகவே இணையத்தில் படித்த எண்ணை நம்பிப் போகாதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு வண்டியின் கதவைத் திறந்து பாருங்கள்.

அதற்காக இழுவை எண்ணைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 தரத்தின்படி அதை அளக்கிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம் என்று ஒன்று இருக்கிறது, 11.4 மைல் தூரத்தில் ஏறத்தாழ 3,000 அடி ஏறும் பாலைவனச் சாலை. ஏசியை முழுமையாக ஓடவிட்டு, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் அதில் ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது தலைக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். கொக்கியில் இறங்கும் பாரம் 10 விழுக்காடு. குடும்பத்தோடு கிளம்புகிறவர்களின் நிலவரம் அதுவல்ல.

கொக்கிப் பாரம் அதிகமாகிறதே, டிரெய்லரில் சாமான்களைப் பின்னால் தள்ளி வைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என் அப்பா இளவயதில் மாட்டு வண்டியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோனவர். முதன்முறை எங்கள் டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, இதில் முன்பாரம் எவ்வளவு, பின்பாரம் எவ்வளவு?” பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும், முன்பாரம் மிஞ்சினால் மாடு கழுத்தை ஊன்ற முடியாமல் தவிக்கும் என்று அவர் சொன்னதில் டிரெய்லரின் இயக்கவியல் முழுவதும் அடங்கியிருந்தது. பின்பாரம் ஏறிய டிரெய்லர் நெடுஞ்சாலை வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் வளர்ந்தால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துத்தான் புரட்டும். எனவே பாரத்தைக் குறைத்துச் சின்ன வண்டிக்குப் பொருத்தப் பார்ப்பதைவிட, அந்தப் பாரத்தைத் தாங்கும் வண்டியை வாங்குவதுதான் முறை.

டிரெய்லர் விற்கிறவர்கள் தாளில் தரும் கொக்கிப் பாரம் பெரும்பாலும் வெற்று எடை. முன்சட்டத்தில் உட்காரும் இரண்டு புரொபேன் சிலிண்டர்களும் பேட்டரிகளும் பல நேரம் அதில் சேர்வதில்லை. தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினால் 332 பவுண்டு. தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கொக்கிப் பாரம் ஏறும் அல்லது இறங்கும். எங்கள் மாவரைக்கும் கிரைண்டரும் 20 கிலோ அரிசி மூட்டையும் சக்கரங்களுக்கு நேர்மேலே உள்ள கீழ்த்தட்டில்தான் போகும். இந்த விஷயத்தில் என் மனைவி என்னைவிடக் கண்டிப்பானவர்.

இந்தக் கணக்கெல்லாம் போட்ட பிறகு முக்கால் டன் வகைக்குப் போனோம். வாங்கியது ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின், முன்னால் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு இருக்கை. பெஞ்சு இருப்பதால் ஆறு பேரும் ஒரே வண்டியில் போக முடிகிறது. கதவோரச் சீட்டில் 3,080 பவுண்டு.

டீசல் ஏன் வாங்கவில்லை என்று கேட்காதவர்கள் இல்லை. ஏற்றத்தில் டீசலுக்கு நிகர் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். என்னுடையதைப் போல, காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு வலுவை இழக்கிறது. டென்வரிலிருந்து ஐ-70 சாலையில் மேற்கே போனால் ஐசன்ஹவர் சுரங்கத்தில் உயரம் 11,000 அடியைத் தாண்டும். அங்கே என் எஞ்சினின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ஆனால் டீசல் எஞ்சினின் எடையே சில நூறு பவுண்டு அதிகம். முக்கால் டன் வண்டிகளில், வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்போ பெரும்பாலும் 10,000 பவுண்டில் நிற்கிறது. விளைவு, வசதிகள் நிறைந்த முக்கால் டன் டீசல் வண்டிகளில் கதவோர எண் 2,000 பவுண்டை ஒட்டி வருவதைப் பார்த்தேன். அதே வகைப் பெட்ரோல் வண்டி அதைவிட நிறையத் தாங்குகிறது, விலையும் பல ஆயிரம் டாலர் குறைவு. டீசல்தான் வேண்டுமென்றால் ஒரு டன் வகைக்குப் போய்விடுவது நல்லது. ஏற்றத்தில் வலப்பக்கத் தடத்தில் லாரிகளோடு 45 மைல் வேகத்தில் ஏறுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மெதுவாக ஏறுவதில் ஆபத்து இல்லை.

ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. சுரங்கத்தின் மேற்கு வாயிலைத் தாண்டியதும் சில்வர்தோர்ன் வரை சாலை 7 விழுக்காடு சரிவில் இறங்குகிறது. பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளை கொட்டிய ஒதுக்குப் பாதைகள் வழியில் உண்டு. சுரங்கத்துக்குள்ளேயே வேகத்தைக் குறைத்து, இழுவை முறைப் பொத்தானை அழுத்திவிடுவேன். வெளியே வந்து பிரேக்கை ஒருமுறை தொட்டதும் கியர்பெட்டி தானாகவே கியரைக் குறைக்கும். எஞ்சின் சுற்று 4,000ஐத் தாண்டி ஏறும். உறுமல் கேட்டு முதல் முறை பயந்த பிள்ளைகள் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த உறுமல்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. வேகம் கூடினால் உறுதியாக ஒரு பிரேக், ஐந்து மைல் குறைந்ததும் விட்டுவிடுவது, மறுபடி எஞ்சினிடம் ஒப்படைப்பது. காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் தகடு சூடேறி, அவசரத்தில் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. கீழே வந்து நிறுத்தியதும் சக்கரங்களின் அருகே போய் முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். கருகல் வாடை இருக்கக்கூடாது.

டிரெய்லருக்கும் தனியே மின் பிரேக் உண்டு. அதை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் எங்கள் வண்டியில் டாஷ்போர்டிலேயே ஆலையில் பொருத்தப்பட்டிருக்கிறது. கிளம்பும்போதெல்லாம் வெறும் இடத்தில் மெதுவாக ஓட்டி, அதன் நெம்புகோலை மட்டும் அழுத்தி, டிரெய்லர் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயோமிங்கில் ஐ-80 சாலையில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே வீசும் பக்கக்காற்றில் அந்த நெம்புகோலின் அருமை தெரிந்தது. டிரெய்லர் ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கை மிதிக்கக்கூடாது, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கவும் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுக்க வேண்டும். டிரெய்லர் பின்னோக்கி இழுபட்டு வரிசைக்கு வந்துவிடும். அந்தச் சாலையைப் பலத்த காற்று நாட்களில் எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். மூடாவிட்டாலும் காற்று கடுமையாக இருந்தால் நாங்கள் அன்று கிளம்புவதில்லை.

எடையைப் பகிர்ந்து தரும் ஹிட்ச் இல்லாமல் இந்த அளவு டிரெய்லரை இழுக்கவே கூடாது என்பேன். அதன் எஃகுக் கம்பிகள் கொக்கிப் பாரத்தில் ஒரு பகுதியை வண்டியின் முன்னச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளிவிடுகின்றன. இல்லாவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரத்தின் பிடிப்புக் குறையும். ஆனால் இது கதவோர எண்ணைப் பெரிதாக்கும் மந்திரம் அல்ல. அப்படிச் சொல்லி விற்கப் பார்த்த ஒரு விற்பனையாளரிடமிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

சரியாக அமைத்திருக்கிறோமா என்பதை அறிய ஒரே வழி நிறுத்துப் பார்ப்பது. நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) நிறுவனத்தின் எடைமேடைகள் இருக்கின்றன. முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சுகள் மூன்றையும் தனித்தனியே நிறுத்து அச்சிட்ட சீட்டுத் தருகிறார்கள். நாங்கள் நான்கு பேரும் சாமானோடு ஏறியிருந்தபோது கிடைத்த சீட்டில் முன்னச்சு 4,180, பின்னச்சு 4,480, டிரெய்லர் அச்சுகள் 7,420, மொத்தம் 16,080 பவுண்டு. வண்டியின் பங்கு 8,660; வரம்பு 10,000. அப்பாவும் அம்மாவும் ஏறினாலும் ஆயிரம் பவுண்டுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது வந்த நிம்மதியை எந்த விளம்பரமும் தந்ததில்லை.

எரிபொருள் விஷயத்தில் கனவு வேண்டாம். டிரெய்லரோடு போகும்போது கேலனுக்கு 9 மைல் அளவில்தான் கிடைக்கிறது, அதாவது லிட்டருக்கு 4 கிலோமீட்டருக்கும் கீழே. எடையைவிட டிரெய்லரின் அகன்ற முகம் காற்றோடு மோதுவதே இதற்குக் காரணம். 70 மைலிலிருந்து 62க்கு இறங்கினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெறும் வண்டியாக ஓட்டும்போது இந்த வகைப் பிக்கப்களின் ஸ்பிரிங்குகள் கடினமாக இருக்கும், பள்ளம் மேடு முதுகுக்குத் தெரியும். நீளம் ஏறத்தாழ 21 அடி என்பதால் வீட்டுக் காரேஜுக்குள் நுழையாது. வேலைக்குத் தினமும் ஓட்ட இது ஏற்ற வண்டி அல்ல. எங்களிடம் அதற்கு வேறு கார் இருக்கிறது.

பிள்ளைகள் வளர்ந்தபின் பெரிய ஐந்தாம் சக்கர டிரெய்லருக்கு (பிக்கப்பின் பின்தட்டுக்குள்ளேயே பூட்டும் வகை) மாறலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. அதில் எடையின் 20 முதல் 25 விழுக்காடு வண்டியின் பின்தட்டிலேயே இறங்கும். 14,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 2,800 முதல் 3,500 வரை. இந்த எஃப்-250க்கு அது ஆகாது. அப்போது ஒரு டன் வகையில் பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியைத்தான் பார்ப்போம்.