தலையைப் பெரிதாக்குவதா, உடலைக் குறைப்பதா?

கணினியில் ஒரு முப்பரிமாண மனித உருவம் செய்து ரெண்டர் (இறுதிப் படம்) எடுக்கிறீர்கள். முகம் அழகாக வந்திருக்கிறது, துணி மடிப்பும் சரி, ஆனாலும் ஆள் கடை பொம்மை மாதிரி நிற்கிறார். தோலின் பளபளப்பைத் திருத்த உட்காருவதற்கு முன்னால் தலையை அளந்து பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

கணக்கு எளிது. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை ஒரு தலை. முடியைச் சேர்க்கக் கூடாது, மொட்டைத் தலையாக வைத்துத்தான் அளக்க வேண்டும். வளர்ந்த மனிதர்கள் பெரும்பாலும் ஏழு முதல் ஏழரைத் தலை உயரம் இருப்பார்கள். ஓவியப் பள்ளிகளில் இலட்சிய உருவத்துக்கு எட்டு, சாகச நாயகர்களுக்கு எட்டரை, ஒன்பது என்று போகும். (நம் சிற்பிகள் சொல்லும் தாளக் கணக்கை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தாளம் என்பது முன்நெற்றி முடி வரியிலிருந்து மோவாய் வரையான முகம் மட்டும். நவதாளச் சிலை என்றால் ஒன்பது தலை உயரம் என்று அர்த்தமில்லை.)

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஆளுக்கு ஆள் உயரம் மாறுகிற அளவுக்குத் தலை மாறுவதில்லை. 150 செ.மீ. உயரப் பெண்ணின் தலை 21, 22 செ.மீ. இருக்கும். 185 செ.மீ. ஆணின் தலை 23, 24 தான். ஆகவே குள்ளமானவர் ஏழு தலை, நெட்டையானவர் எட்டுத் தலைக்குப் பக்கம். எல்லோருக்கும் ஏழரை என்று ஒரே விதியைப் போட்டால் கூட்டத்தில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி தெரிவார்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சுகாதார விளக்கக் காணொளி ஒன்றுக்கு ஐம்பது வயது கிராமத்து அம்மா வேண்டும். உயரம் 152 செ.மீ., இந்தியப் பெண்களின் சராசரியை ஒட்டியது. கையில் இருக்கிற ஆயத்த முப்பரிமாண மாடலின் உயரம் 176, தலை 22. சரியாக எட்டுத் தலை. முழு உருவத்தையும் ஒரே விகிதத்தில் 152க்குச் சுருக்கினால் தலையும் 19 செ.மீ. ஆகிவிடும். அது ஆரம்பப் பள்ளிக் குழந்தையின் தலை. விகிதமோ அதே எட்டு. தனியாக நிற்கும்போது ஒன்றும் தெரியாது. பக்கத்தில் ஒரு டம்ளரையோ நாற்காலியையோ வைத்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கிருந்து இரண்டு வழி பிரிகிறது.

முதல் வழி, சுருக்கிய உருவத்தில் தலையை மட்டும் பெரிதாக்குவது. டாஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளில், அதன் ஆயத்த மனித உருவங்களான ஜெனிசிஸ் 8க்கு ஹெட் ப்ராபகேட்டிங் ஸ்கேல் என்ற ஸ்லைடரே (நகர்த்தி அளவை மாற்றும் பட்டை) இருக்கிறது. கண், பல், நாக்கு எல்லாம் தலையோடு சேர்ந்து வளரும். பிளெண்டர் மென்பொருளில் தலை எலும்பை (உருவத்தை அசைக்க உள்ளே வைக்கிற டிஜிட்டல் எலும்பு) போஸ் மோடில், அதாவது எலும்புகளை அசைக்கும் நிலையில், ஸ்கேல் செய்யலாம், அளவை மாற்றலாம். 13 சதவீதம் ஏற்றினால் 19 செ.மீ. தலை 21.5க்கு வந்துவிடும். ஒரு நிமிட வேலை. நடை, ஓட்டம் என்று ஏற்கெனவே இருக்கிற அனிமேஷனுக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை, ஏனென்றால் கால் கை நீளத்தின் விகிதம் மாறவில்லை. உயரம் இரண்டரை செ.மீ. கூடியிருக்கும், அதைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் கழுத்தைப் பாருங்கள். மாடலின் கழுத்துச் சுற்று 32 செ.மீ. என்றால், சுருக்கிய பிறகு 27.6. பத்து வயதுப் பிள்ளையின் கழுத்து, அதன் மேல் பெரியவரின் தலை. தோளும் அப்படியே ஒடுங்கிப் போயிருக்கும். குள்ளமானவர்கள் நெட்டையானவர்களின் சிறிய நகல் அல்ல. உயரம் குறைகிற அளவுக்கு அவர்களின் அகலம் குறைவதில்லை. இந்த வழியில் போன உருவங்களில் தலை குச்சியில் செருகியது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். தலையை இன்னும் கொஞ்சம் குறைத்தால் சரியாகும் என்று பலரும் ஸ்லைடரோடு மல்லுக்கட்டுவார்கள். தலையில் தவறில்லை, அதைத் தாங்குகிற இடம்தான் மெலிந்து கிடக்கிறது.

இரண்டாவது வழி, தலையைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிட்டு உடலின் நீளத்தை மட்டும் குறைப்பது. தலை 21.5 என்றால் மோவாய்க்குக் கீழே 130.5 செ.மீ. இருக்க வேண்டும். மாடலில் அது 154. தொடை, முழங்காலுக்குக் கீழே உள்ள கால், முதுகு, கை எல்லாவற்றையும் நீளவாக்கில் சுமார் 15 சதவீதம் குறைத்து, அகலத்தை மிகக் கொஞ்சமாக மட்டும் குறைக்க வேண்டும். விகிதம் ஏழு தலைக்குச் சற்று மேல் வந்து நிற்கும். கழுத்தும் தோளும் கனமாக இருக்கும். இடுப்பில் குடத்தை வைத்தால் அந்த அம்மா உண்மையிலேயே தூக்குகிறார் என்று நம்ப முடியும்.

இதில் பலர் மறக்கிற இடம் உள்ளங்கையும் பாதமும். எலும்பை நீளவாக்கில் குறைக்கும்போது அவை பழைய 176 செ.மீ. ஆளின் அளவிலேயே நின்றுவிடும். உங்கள் மணிக்கட்டை மோவாயில் வைத்து நடுவிரலை நெற்றியில் வையுங்கள், முடி தொடங்கும் இடத்தை ஒட்டி வரும். மாடலின் கையையும் அதே மாதிரி முகத்தின் மேல் வைத்துப் பார்த்துவிடலாம்.

இந்த வழியின் உண்மையான தொல்லை அனிமேஷன். கால் குட்டையானதும் பழைய நடையில் பாதம் தரையில் வழுக்கும், கும்பிடும் கைகள் சேராது. ரீடார்கெட் செய்துதான் ஆக வேண்டும், அதாவது பழைய அசைவைப் புதிய உடல் அளவுக்குப் பொருத்த வேண்டும். அப்புறம், அச்சுக்கு அச்சு வேறு அளவில் ஸ்கேல் செய்த எலும்புகளை அப்படியே கேம் எஞ்சினுக்கு (விளையாட்டை இயக்கும் மென்பொருள்) அனுப்பினால் முழங்கை மடங்கும் இடத்தில் மெஷ் (உருவத்தின் மேற்பரப்பு வலை) கோணிக்கொள்ளும். அந்த வடிவத்தை மெஷ்ஷில் பதித்து, ரிக்கின் (எலும்புக் கூட்டின்) ரெஸ்ட் போஸாக, அதாவது அசைவு சேர்க்காத தொடக்க நிலையாக, ஆக்கிவிட்டு அனுப்ப வேண்டும்.

எலும்போடு போராட விருப்பமில்லை என்றால், மனித உருவங்களைச் செய்து தரும் மேக்ஹியூமன் மென்பொருள் நல்ல தொடக்கம். இலவசம். வயது, உயரம், எடை, உடல் விகிதம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்லைடர். அதே வேலைக்கான இன்னொரு கருவியான மெட்டாஹியூமன் 2021இல் வந்தபோது 18 ஆயத்த உடல்கள்தான். 2025இல் அன்ரியல் கேம் எஞ்சினின் 5.6 பதிப்புடன் உடலையே அளவு சொல்லி மாற்றும் வசதி வந்துவிட்டது. எதில் செய்தாலும் கடைசியில் செ.மீ.யில் அளந்துவிடுங்கள், ஸ்லைடரின் எண்ணை நம்ப வேண்டாம்.

எந்த வழிக்கு முன்னாலும் கேமராவைப் பார்த்துவிட வேண்டும். 160 செ.மீ. உயர ஆளின் எதிரே ஒன்றரை மீட்டரில், அவர் தலை உயரத்தில் கேமராவை வைத்து, முழு உருவமும் வர கீழ்நோக்கிச் சாய்த்தால், ஒரே அளவுள்ள பொருள் பாதத்தருகே தெரிவதைவிடத் தலையருகே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக விழும். ஆறு மீட்டர் தள்ளிப்போய் நீண்ட லென்ஸ் போட்டால் அந்த வித்தியாசம் மூன்று, நான்கு சதவீதம்தான். கிட்டத்தில் வைத்த அகல லென்ஸில் பார்த்துக்கொண்டே தலை பெரிது என்று குறைத்தவர்கள், பிறகு தூரக் காட்சியில் ஊசித் தலையோடு மாட்டிக்கொள்வார்கள்.

என் தேர்வு இரண்டாவது வழிதான். பார்ப்பவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்கப் போகிற பாத்திரம் என்றால் ரீடார்கெட்டுக்கு ஆகும் அரை நாளைத் தயங்காமல் கொடுக்கலாம். சந்தையிலும் பேருந்து நிறுத்தத்திலும் பின்னால் நிற்கிற கூட்டத்துக்கு முதல் வழி போதும். அங்கும் தலையோடு கழுத்து எலும்பையும் பக்கவாட்டில் ஏழெட்டு சதவீதம் ஏற்றி, தோளைக் கொஞ்சம் விரித்துவிட்டால் போதும், தூரத்துக் கூட்டம் ஊர்க் கூட்டமாகத் தெரியும்.