குறடா, அரமா? குதிரைக் குளம்பு திருத்த எதை முதலில் வாங்குவது

எங்களிடம் லாடம் அடிக்காத இரண்டு நாட்டுக் குதிரைகள் இருக்கின்றன. குளம்பு மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் திருத்தாவிட்டால் முன்பகுதி நீண்டு, ஓரம் பிளந்து, நடையே மாறிப்போகும். லாடக்காரருக்காகக் காத்திருக்க முடியாமல் கருவிகளை நானே வாங்கினேன். முதலில் வாங்கியது குளம்பை வெட்டும் குறடு. அரத்தைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

குறட்டின் பலம் வேகம். 14 அங்குலக் குறடு என்றால் கைப்பிடி நீளமாக இருப்பதால், கோடையில் கல்லாக இறுகிய குளம்பும் துண்டு துண்டாக வந்துவிடும். 12 அங்குலம் கைக்கு இலேசுதான், ஆனால் காய்ந்த குளம்பில் மணிக்கட்டு விண்விண் என்று வலிக்கும். சரி, ஆபத்து எங்கே? ஒரு கடி ஆழமாகப் போய்விட்டால் ஒட்டவைக்க முடியாது. குறட்டின் வாய் அடிப்பாதத்துக்கு இணையாக நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் குளம்பின் வெளிச்சுவரில் பள்ளம் விழும். எங்கள் பெட்டைக் குதிரையின் இடது முன்னங்காலில் நான் போட்ட பள்ளம் வளர்ந்து மறையும் வரை, ஒவ்வொரு முறை அந்தக் காலைத் தூக்கும்போதும் மனசு குத்தியது.

அரம் அப்படி இல்லை. ஒரு பக்கம் முரட்டுப் பல், மறுபக்கம் மென்மையான பல். தள்ளும்போதுதான் வெட்டும்; இழுக்கும்போதும் அழுத்தினால் பல் சீக்கிரம் மழுங்கும். குதிகாலிலிருந்து முன்பக்கம் நோக்கி அரத்தின் முழு நீளத்துக்கும் ராவ வேண்டும். நாலு தடவை தள்ளிவிட்டு, காலை இறக்கி, குதிரை நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடரலாம். நேரமும் முதுகும்தான் இதற்குக் கொடுக்கும் விலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ராவிவந்தால் குறட்டுக்குப் பெரும்பாலும் வேலையே வராது.

தச்சர் வைத்திருக்கும் மர அரம் போதுமே என்று சிலர் சொல்வார்கள். போதாது. பல் சிறியது, குளம்புத் தூள் அடைத்துக்கொள்ளும். லாடம் கழற்றும் குறடும் வேறு. அதன் வாய் மொண்ணையாக இருக்கும். வெட்டும் குறட்டால் ஆணி பிடுங்கினால் அதன் பதம் அன்றோடு போச்சு.

அப்புறம் கத்தி. முனை வளைந்த கத்தியில் வலக்கைக்கு, இடக்கைக்கு என்று தனித்தனியாக உண்டு, கேட்டு வாங்குங்கள். வளையம் போன்ற அலகுள்ள வளையக் கத்தி இரு பக்கமும் வெட்டும், ஆனால் பழகாத கையில் தேவைக்கு மேல் சுரண்டிவிடும். எனக்கு வளைமுனைதான் பிடிக்கும். ஃப்ராக் எனப்படும் நடு முக்கோண மெத்தையின் பக்கத்துப் பள்ளத்தில் அடைந்த சாணத்தையும் மண்ணையும் அந்த முனையால்தான் எடுக்க முடிகிறது. மெத்தையில் தொங்கும் நார், அடியில் தானாக உதிரும் பொருக்கு, அவ்வளவுதான் எடுக்கலாம். கட்டைவிரலால் அழுத்தும்போது அடி அமுங்கினாலோ, இளஞ்சிவப்பு தெரிந்தாலோ கத்தியைக் கீழே வையுங்கள்.

ஆக, முதல் காசு நல்ல அரத்துக்கும் வளைமுனைக் கத்திக்கும். குறட்டை லாடக்காரர் பக்கத்தில் நின்று நாலைந்து முறை பிடித்துப் பழகிய பிறகு வாங்கலாம். மழை பெய்த மறுநாள் குளம்பு இளகியிருக்கும், முதல் முறை ராவ நல்ல நாள் அது. முடிந்ததும் அரத்தைத் தட்டித் துடைத்துத் தனிச் சாக்குத் துண்டில் சுற்றி வையுங்கள். மற்ற இரும்போடு உரசிக் கிடந்தால் பல் போய்விடும்.