கார் இன்சூரன்ஸ்: பல வருஷ ரினியூவலில் நான் பார்த்தது

சென்னைப் பதிவுள்ள 1,200 சிசி பெட்ரோல் கார் என்னுடையது. வாங்கியதிலிருந்து காம்ப்ரிஹென்சிவ் பாலிசிதான் (நம் வண்டிச் சேதம், மற்றவர் இழப்பு இரண்டுக்கும் சேர்த்தது) எடுத்து வருகிறேன். ரினியூவல் வந்தால் எல்லோரும் "எதில் கம்மி?" என்றுதான் கேட்கிறார்கள். ஏன் கம்மி என்று கேட்பதுதான் முக்கியம்.

பாலிசித் தாளில் இரண்டு பிரீமியம் தனித்தனியாக இருக்கும். நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் இழப்புக்கான தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையுள்ள சொந்தக் கார்களுக்கு வருஷத்துக்கு 3,416 ரூபாய். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதில் பேரம் கிடையாது. நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில்தான் வித்தியாசம். வண்டியின் ஐடிவி (பாலிசியில் குறிக்கும் வண்டியின் இன்றைய மதிப்பு), வயசு, சிசி, பதிவான ஊர் எல்லாம் இதில் சேரும். மொத்தத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

ஒரு வருஷம் ஏஜென்ட் ஒருவர் ரொம்பக் குறைவாக ஒரு தொகை சொன்னார். தாளை வாங்கிப் பார்த்தால் ஐடிவியை நன்றாக இறக்கியிருந்தார், இன்ஜின் ப்ரொடெக்ட் கவரும் இல்லை. இரண்டையும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கு இன்றும் இதில் கோபம் உண்டு. வண்டி திருடு போனாலும், ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினாலும் அந்த ஐடிவியை வைத்துத்தான் பணம் கிடைக்கும். இன்ஜின் ப்ரொடெக்டோ சென்னைக்காரர்களுக்குக் கட்டாயம் வேண்டியது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அது பின்விளைவுச் சேதம் என்று கழித்துவிடுவார்கள். 2015 வெள்ளத்தில் பலர் இதில்தான் மாட்டினார்கள்.

தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்குப் பணம் தரும் ஜீரோ டெப் கவரையும் விடாமல் எடுத்து வருகிறேன். அது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதி நம் தலையில். இன்றைய கார்களில் பம்பர் முதல் கண்ணாடி மூடி வரை பிளாஸ்டிக்தானே. சிக்னலில் பின்னால் வந்த வண்டி இடித்து பம்பரை மாற்றியபோது, ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிப்பான 1,000 ரூபாயோடு சில்லறைச் செலவுதான் எனக்கு ஆனது.

ஆனால் சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடுவதில்லை, காரணம் என்சிபி என்கிற நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால், இந்தத் தள்ளுபடியைக் காக்கும் என்சிபி ப்ரொடெக்ட் கவர் இல்லாத பாலிசியில், அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் 8,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருப்பவர் 4,000 கட்டுகிறார். க்ளெய்ம் போட்டால் அடுத்த வருஷங்களில் 8,000, 6,400, 6,000, 5,200, 4,400 என்று கட்டித்தான் பழைய இடத்துக்குத் திரும்ப முடியும். கூடுதலாகப் போவது 10,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 3,000 ரூபாய் பெயின்ட் வேலையைக் கையிலிருந்து கொடுத்துவிடலாம்.

என்சிபி வண்டிக்கு இல்லை, உரிமையாளருக்கு. காரை விற்கும்போது கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம். அதே வண்டியை வைத்திருந்தால், பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும். தாண்டினால் சேர்த்த தள்ளுபடி முழுக்கப் போய்விடும்.